வீடும் விடுதலும்

தமிழில் ‘வீடு’ என்னும் சொல் ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். உலகத் தளைகளை விட்டு நீங்கும் பேற்றையும் அச்சொல்லே குறிக்கிறது. அரபு மொழியிலோ வீட்டுக்கு ‘மஸ்கன்’ என்று ஒரு பெயர். ‘சுகூன்’ என்னும் அசைவற்ற அமைதியும், உள்ளத்தில் இறங்கும் ‘ஸகீனத்’தும் அந்த வேரில் கிளைத்தவையே. வறுமையால் அசைய மாட்டாது போன ஏழையைக் குறிக்கும் ‘மிஸ்கீன்’ என்னும் சொல்லையும் அரபு மொழி வல்லார் அதே வேரோடு இணைத்துக் கூறுவர். வீட்டின் அமைதியும் ஏழையின் நிலையும் ஒரே வேரில் பிணைந்து கிடப்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று நம் இல்லங்களில் அந்த அமைதி இருக்கின்றதா? இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம்மில் பலர் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடுகளில் வாழ்கிறோம். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி. பரணில் திருமணச் சீராக வந்த பாத்திரங்கள். பீரோவின் மேல் ஓடாத மின்விசிறி. கதவின் பின்னே பழந்துணி மூட்டை. தொழுகை விரிப்பை விரிக்க வேண்டுமாயின் இரண்டு நாற்காலிகளை வெளியே எடுத்து வைக்க வேண்டியுள்ளது. பிள்ளை அமர்ந்து பாடம் படிக்க ஒரு மூலை இல்லை. விருந்தினர் வந்தால் முகம் மலர்வதற்கு முன் மனம் சுருங்குகிறது. பொருள்கள் வீட்டில் குடியிருக்க, நாம் அவற்றின் இடுக்கில் ஒண்டியிருக்கிறோம்.

இதைக் குற்றம் என்று மட்டும் கூறிவிடுதல் நேர்மையாகாது. இல்லாமையைக் கண்ட கை எதையும் எறியத் தயங்கும். மகள் திருமணத்துக்கு ஆகும், மழைக்காலத்துக்கு உதவும் என்று நம் தாய்மார் சேர்த்து வைப்பதைப் பேராசை என்று எவரும் பழிக்க முடியாது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. பயன்படாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் நல்ல பொருள் உண்மையில் யாருக்கு உரியது?

இக்கேள்விக்கு நமக்கு விடை கற்பித்தது 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம். மிக்ஜாம் புயலின் பெருமழை அம்மாதம் 3, 4 ஆகிய நாள்களில் கொட்டியபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள்ளும் அந்தக் கரிய நீர் புகுந்தது. வடிந்த பின், நீர் நின்ற உயரத்துக்குச் சுவர்களில் கறை படிந்திருந்தது. மீனவர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளினர். தெருவோரங்களில் மெத்தைகளும் துணிமூட்டைகளும் குவிந்தன.

நம் வீட்டுக் கட்டிலடியில் இருந்த பெட்டியில் மூன்று புதிய கம்பளிகள் இருந்தன. விருந்தினருக்கென்று உறை பிரிக்காமல் வைத்திருந்தோம். அதற்கு முந்திய மார்கழிக் குளிரில், நடைபாதையில் உறங்கும் முதியவர் ஒருவர் போர்த்திக்கொள்ள ஏதேனும் கேட்டபோது, நாம் கொடுத்தது ஓரம் கிழிந்த பழைய போர்வை. நல்லதை வைத்துக்கொண்டோம், எண்ணெய் நீர் அதை எடுத்துக்கொண்டது. தருமத்துக்கென்று மட்டமானதைத் தேடி எடுப்பதைத் திருமறையின் பகரா அத்தியாயம் தடுக்கிறது என்று எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்த நாமே அப்படிச் செய்தோம். அக்கம்பளிகளைத் தெருவில் வீசியபோது இழப்பைவிட நாணமே மிகுந்தது.

செல்வத்தைப் பாழாக்குதலை மார்க்கம் வெறுக்கிறது. எறிவது ஒன்றே பாழாக்குதல் என்று எண்ணிவிடுகிறோம். பயன்படும் பொருளைப் பூச்சி அரிக்கும் வரை பூட்டி வைப்பதும் பாழாக்குதலன்றோ? ஆடவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்னும் கருத்தமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தேவைக்கு மிஞ்சிப் பெருமைக்காகச் சேர்ப்பதையே அது கண்டிக்கிறது என விரிவுரையாளர் விளக்குவர். விருந்தினரின் படுக்கை அங்கே தேவையின் கணக்கில் சேர்ந்திருப்பதை நோக்குக! நம் மூன்று கம்பளிகளுள் ஒன்று விருந்தினருக்கு. ஏனைய இரண்டும் யாருக்கு?

சரி, எவ்வளவு போதும் என்பதை எப்படி அறிவது? நம் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களின் பக்கத்தில் ஒரு கோடு தீட்டியிருப்பதைக் காணலாம். அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் மாண்டது கண்டு சாமுவேல் பிளிம்சால் என்பார் போராடியதன் பயனாக, 1876ஆம் ஆண்டு பிரிட்டனில் அக்கோடு சட்டமாயிற்று. கோடு நீரில் மறையுமளவு சரக்கேற்றலாகாது. வீட்டுக்கும் அத்தகைய கோடு ஒன்று வேண்டும். தொழுகை விரிப்புக்கும், பிள்ளையின் புத்தகத்துக்கும், விருந்தினரோடு அமர்ந்துண்ணும் சஹனுக்கும் உரிய இடத்தைப் பொருள் விழுங்கத் தொடங்கும்போது அக்கோடு மறைந்துவிட்டது என்று அறிக.

விடுவதற்கும் ஒழுங்குண்டு. மனைவியின் மஹரும் சீரும் அவளுக்கே உரியவை. அவள் இசைவின்றிக் கணவன் அவற்றை வழங்கலாகாது. இறந்தவரின் உடைமைகள் வாரிசுகளின் பங்கு. அவர்கள் இசையுமுன் தருமம் என்று அள்ளிக் கொடுத்தல் கூடாது. பழுதானவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு வீடு தூய்மையாயிற்று என மகிழ்வதும் பாதித் தூய்மையே. வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில் குவிந்து வந்தது. அதன் புகையைச் சுவாசித்தவர்களும் பிள்ளை குட்டிகளோடு வாழ்பவர்களே. ஆதலால் துப்புரவு கடைத்தெருவிலேயே தொடங்குதல் வேண்டும். வேண்டாததை வாங்காதிருப்பதே அதன் முதற்படி.

ஓர் ஆட்டை அறுத்துப் பங்கிட்டபின் அதன் தோள் மட்டுமே மிஞ்சியது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூற, தோளைத் தவிர யாவும் மிஞ்சின என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விடையிறுத்த செய்தி திர்மிதீயில் வருகிறது. நமக்கு மிஞ்சியது அந்தக் கிழிந்த போர்வை ஒன்றே.

இப்போது நம் கட்டிலடியில் பெட்டி இல்லை. பேரப்பிள்ளைகள் அங்கே ஒளிந்து விளையாடுகின்றனர். நம் இல்லங்களை ஸகீனத் இறங்கும் இல்லங்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.