கணவனின் பழைய கடன் மனைவியைச் சேருமா?

கடைக்காரன் கடனைப் பற்றி எழுதினால் பாக்கியை வசூலிக்கத்தான் எழுதுகிறான் என்று சகோதரர்கள் எண்ணிவிட வேண்டாம். நாம் எழுத வந்தது, வசூலித்து முடித்த ஒரு பாக்கியைப் பற்றியதாகும். வாராக் கடன் மனத்தை வாட்டுவது இயல்பு. வந்து சேர்ந்த கடன் ஒன்று நம்மைப் பல ஆண்டுகள் வாட்டியது.

நமது பண்டார் தெங்காரா, 1972-இல் அமைந்த கெஜோரா வாரியத்தார் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே உண்டாக்கிய ஊர். மாதச் சம்பளக்காரர்களே நம் வாடிக்கைக்காரர்கள். ஆகவே '555' புத்தகம் இல்லாமல் இங்கே பலசரக்குக் கடை நடத்துவது கடினம். அப்புத்தகத்தில் பெயர் ஏறிய வாலிபர் ஒருவர், கலியாணத்திற்கு முன்னரே 800 வெள்ளி பாக்கி வைத்திருந்தார். நிக்காஹ் முடிந்த மூன்றாம் வாரம் அவருடைய மனைவி அரிசி வாங்க வந்தார். நாம் புத்தகத்தை விரித்து, "இது உங்க வீட்டுக் கணக்கும்மா" என்றோம். கடையில் நாலு பேர் நின்றிருந்தனர். அப்பெண் தலை கவிழ்ந்து போனார். மறுநாள் வந்து, "மாமா, எண்ணிப் பாத்துக்குங்க" என்று முழுத் தொகையையும் வைத்தார். அது அவருடைய மஹர்ப் பணம் என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

"உங்க வீட்டுக் கணக்கு" என்றோமே, அது மெய்தானா?

ஒரு காலத்தில் இங்கிலாந்தில், மணமானவுடன் மனைவியின் உடைமை கணவனுடையதாகிவிடும்; அவளுடைய பழைய கடனும் அவன் தலையில் விழும். அதற்கு அஞ்சி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மணப்பெண்கள் சிலர் உள்ளங்கி ஒன்றை மட்டும் உடுத்தி மணம் முடிக்க வந்தார்களாம். உடைமை ஏதும் கொண்டுவரவில்லை, ஆகவே கடனும் கூட வராது என்று ஊரறியக் காட்டுவதற்கே அந்த ஏற்பாடு! அங்கே மனைவிக்குத் தனிச் சொத்துரிமையை 1870, 1882-ஆம் ஆண்டுச் சட்டங்களே அளித்தன. நம் நாட்டிலும் 1957-இல் மணமான பெண்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி அவள் தன் பெயரில் சொத்து வைக்கலாம். தன் கடனுக்குத் தானே பொறுப்பு. கணவன் என்ற ஒரே காரணத்தால் அவளுடைய பழைய கடன் அவனைச் சாராது.

நமது மார்க்கமோ தொடக்கத்திலேயே மனைவியின் பொருள் மனைவிக்கே என்று வகுத்துவிட்டது. மஹர் அவளுடைய தனி உரிமை. இறந்தவரின் கடனை அவர் விட்டுச் சென்ற பொருளிலிருந்தே முதலில் தீர்க்க வேண்டும். வாரிசுகளின் பங்கு அதற்குப் பின்னரே. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அவர் ஏதேனும் விட்டுச் சென்றாரா என்றுதான் பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒன்றுமில்லை, மூன்று தீனார் கடன் உண்டு என்றறிந்ததும் தொழவைக்கத் தயங்கினார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் தாமே முன்வந்து அக்கடனை ஏற்ற பின்னரே தொழுகை நடந்தது. ஒருவர் வாயால் "நான் ஏற்கிறேன்" என்று சொன்னால் கடன் இடம் மாறும். நிக்காஹ் ஓதியதால் மாறாது.

"ஒரே சட்டியில் உண்பவர்கள் ஆயிற்றே? கணவன் சம்பளம் பழைய கடனுக்குப் போனால் மனைவிக்கும் குறைதானே?" என்று கேட்கலாம். உண்மை. கடனின் பொறுப்பு அவளைச் சேராது. அதன் நெருக்கடி சேரும். அதனாலன்றோ நிக்காஹுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது கடமையாகிறது! மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் நாம், கடன் எவ்வளவு என்று கேட்பதுண்டா? பெண்ணிடம் கேட்பதுண்டா? இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மனைவி என்பதால் வராத கடன், ஜாமீன் கையெழுத்துப் போட்டால் வந்துவிடும். என்னவென்று சொல்லாமல் காகிதத்தை நீட்டுவது அவளை ஏமாற்றுவதாகும்.

மனைவி மனமுவந்து கொடுத்தால் தடையில்லை. கணவருக்கே தருமம் செய்யலாமா என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் ஜைனப் அம்மையார் கேட்டபோது, இரட்டை நன்மை உண்டு என்றே விடை கிடைத்தது. தருமம் என்றாலே அது கொடுப்பவர் விருப்பமன்றோ?

நம் கதைக்கு வருவோம். இதை ஒருநாள் ஹஜ்ரத் ஒருவரிடம் சொன்னோம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, அந்தப் புள்ள மனசாரக் கொடுத்துச்சா, வெக்கப்பட்டுக் கொடுத்துச்சா?" வெட்கத்தை வைத்து வாங்கியது பறித்ததற்கு ஒப்பு என்று இமாம்கள் சொல்லியிருப்பதையும் எடுத்துரைத்தார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. நாலு பேர் முன்னிலையில் புத்தகத்தை விரித்தது நாமல்லவா?

அவர்கள் அப்போது கூலாய்க்குக் குடிபோயிருந்தனர். 800 வெள்ளியைக் கொண்டுபோய் அப்பெண்ணிடம் வைத்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். கணவர் திகைத்தார். அந்தப் பாக்கியை நாமே விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் அத்தனை நாளும் எண்ணியிருந்தாராம்! மனைவி ஒரு சொல்லும் சொல்லவில்லை. புறப்படும்போது வாசல்வரை வந்த அவர், "பாய், என் பேரைத் திரும்ப எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டோம். மாதம் ஐம்பது வெள்ளியாகக் கட்டி, தம் கடனைத் தாமே தீர்த்தார்.

அன்று முதல் நமது கடையில் ஒரு வழக்கம்: யார் பெயரில் கணக்கோ, அவரிடம் மட்டுமே புத்தகம் விரிக்கப்படும். வஸ்ஸலாம்.