சுரங்கத்துக்குள் போகும் கங்கை

உத்தராகண்டில் உத்தரகாசிக்குச் சற்று மேலே, மனேரி என்னும் இடத்தில், கங்கையின் மூல ஆறான பாகீரதியின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது. ஆற்று நீரை அது மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறது. எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் ஓடும் நீர், திலோத் மின்நிலையத்தில் விசையாழிகளைச் சுற்றிவிட்டு மறுபடி ஆற்றில் விழுகிறது. கிடைப்பது 90 மெகாவாட். மழை இல்லாத மாதங்களில் இடைப்பட்ட ஆற்றுப்படுகையில் உருண்டைக் கற்களும் கசிவுநீரும்தான் மிஞ்சின. சுரங்கத்திலிருந்து திரும்பும் நீர் குறையவும் இல்லை, அழுக்காகவும் இல்லை. ஆனாலும் அந்த எட்டு கிலோமீட்டரில் கங்கை இருக்கிறாளா என்று பக்தர் கேட்கிறார். இந்தியாவின் புனல் மின்சார வளர்ச்சி எதிர்கொண்ட சமயக் கேள்விகளில் இதுவே கடினமானது.

புனிதம் நீரில் இருக்கிறதென்றால் அணைக்கு எதிராகச் சொல்ல எதுவும் இல்லை. காசியில் செம்பில் அடைத்து மூடிய கங்கை நீர் ராமேஸ்வரம் வரை வந்து அபிஷேகத்துக்குப் பயன்படுகிறது. வழிநெடுக அது அசையாமல் அடைபட்டே கிடந்தாலும், அதன் புனிதம் போய்விட்டதாக யாரும் சொல்வதில்லை. ஆகவே எதிர்ப்பாளர்கள் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: அறுபடாமல் ஓடுவதே கங்கையின் இயல்பு, ஓட்டம் நின்றால் அவள் வெறும் தண்ணீர். புராணமோ இரு தரப்புக்கும் இடம் தருகிறது. பகீரதன் தவமிருந்து ஆற்றைக் கொண்டுவந்தான். சிவன் சடையில் அடக்கினார். ஜஹ்னு முனிவர் முழுவதையும் குடித்துவிட்டுக் காது வழியே விட்டார். முதல் பொறியாளர் பகீரதனே என்று அணை கட்டுவோர் சொல்ல, ஒவ்வொரு கதையிலும் அவள் விடுவிக்கப்படுகிறாளே என்று மறுதரப்பு பதில் சொல்கிறது. சுரங்கமும் கடைசியில் நீரை விடுவிக்கத்தான் செய்கிறது. புராணத்தைச் சாட்சிக்கு அழைத்து இந்த வழக்கை யாராலும் வெல்ல முடியாது.

நடைமுறையில் இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டது மின்சாரத்துக்காக அல்ல, பாசனத்துக்காக. ஹரித்வாரில் ஆற்றை முழுவதுமாகக் கால்வாய்க்குத் திருப்பும் வேலையை ஆங்கிலேய அரசு தொடங்கியபோது, மதன் மோகன் மாளவியா முன்னின்று போராடினார். 1916இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஹர் கி பௌரி படித்துறைக்கு இடைவிடாமல் நீர் வர வழி விடப்பட்டது. இன்று அங்கே பக்தர்கள் மூழ்கி எழுவது மதகுகளால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு கிளையில்தான். ஆண்டுதோறும் தசரா சமயத்தில் கால்வாயைப் பராமரிப்புக்காக மூடும்போது படித்துறையில் நீர்மட்டம் சரிந்துவிடுகிறது. அந்தக் கிளையை வெறும் கால்வாய் என்று மாநில அரசு 2016இல் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மதகை ஏற்றுக்கொண்ட நம்பிக்கை, கால்வாய் என்ற பெயரை ஏற்கவில்லை.

கங்கையின் மற்றொரு மூல ஆறான அலக்நந்தாவில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. உத்தராகண்டின் ஸ்ரீநகரில் அமைந்த 330 மெகாவாட் திட்டத்தின் நீர்த்தேக்கம், கார்வால் மக்களின் காவல்தெய்வமான தாரி தேவியின் கோயிலை மூழ்கடிக்கும் நிலை. 2013 ஜூன் 16 அன்று சிலையைப் பெயர்த்து அதே இடத்தில் உயர்த்திய மேடைக்கு மாற்றினார்கள். அன்று மாலையும் மறுநாளும் கேதார்நாத் வெள்ளம். தேவியின் கோபம் என்று ஊர் சொன்னது. கனமழை அதற்கு முன்னரே தொடங்கிவிட்டிருந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சிலையை உயர்த்துவது வழிபாட்டு உரிமையைப் பாதிக்காது என்று கூறித் திட்டத்தை அனுமதித்தது. தெய்வத்தின் இடம் எது என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதே தீர்ப்பு மாநிலத்தில் புதிய நீர்மின் திட்டங்களுக்கு அனுமதி தருவதையும் நிறுத்தி வைத்தது. தொடர்ந்து அமைந்த நிபுணர் குழு, தான் ஆராய்ந்த 24 திட்டங்களில் 23ஐக் கைவிடச் சொன்னது.

ஓட்டத்துக்காக உயிரையே கொடுத்தவர் ஜி. டி. அகர்வால். உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராகத் தொடங்கி, கான்பூர் ஐஐடியில் பேராசிரியராகி, பின்னர் துறவு பூண்டவர். அவருடைய உண்ணாவிரதங்களுக்குப் பிறகு, சுரங்க வேலை பாதி நடந்திருந்த 600 மெகாவாட் லோஹாரிநாக் பாலா திட்டத்தை மத்திய அரசு 2010இல் கைவிட்டது. 2018இல் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார். அந்த அக்டோபர் 9 அன்று அரசு ஓட்டத்துக்கு ஓர் அளவு விதித்தது: மேல் கங்கையில் பருவத்தைப் பொறுத்து 20 முதல் 30 சதவீத நீரை ஆற்றில் விட வேண்டும். அக்டோபர் 11 அன்று அகர்வால் இறந்தார். அறுபடாத ஓட்டத்தைச் சதவீதத்தில் சொல்லலாமா என்று சமயவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் அளவு இல்லாத கோரிக்கையை எந்த மதகும் நிறைவேற்றாது.

சமயக் காரணத்தைச் சொல்லியே ஒரு திட்டத்தை நிறுத்திய ஊரும் உண்டு. சிக்கிமில் ராதோங் ஆற்றின் நீரைக் கொண்டுதான் தாஷிடிங் மடாலயத்தின் பும்சூ திருவிழா நடக்கிறது. அடைத்து வைத்த கலசத்தில் நீர் ஏறியதா, இறங்கியதா என்று பார்த்து ஆண்டின் பலன் சொல்வார்கள். அந்த ஆற்றில், யுக்சோமில் நடந்த நீர்மின் பணியை மாநில அரசு 1997இல் நிறுத்தியது. அங்கே ஆறு மட்டும் அல்ல, அந்தப் பள்ளத்தாக்கு முழுவதுமே புனித நிலமாகக் கருதப்படுகிறது.

கங்கை வாதத்தின் குறை இங்கேதான் தெரிகிறது. அது ஒரு நதியை மட்டும், அதிலும் பெரிய பெயர் உள்ள நீரை மட்டும் காக்கிறது. கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரை, பாகீரதியின் சுமார் 100 கிலோமீட்டரைச் சூழலியல் பாதுகாப்பு மண்டலமாக அரசு 2012இல் அறிவித்தது. ரிஷிகங்காவும் தௌலிகங்காவும் அதே கங்கைக்கு நீர் தருபவைதான், ஆனால் அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2021 பிப்ரவரி 7 அன்று மலைச்சரிவு பெருவெள்ளமாகி அந்த இரு ஆறுகளின் மின்திட்டங்களையும் அடித்துச் சென்றது; மாண்டவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல்.