முற்கோளும் தொடர் வரிசையும்

சீடன்: 'சாத்தன் புகைபிடிப்பதை நிறுத்திவிட்டான்' என்னும் கூற்று, அவன் முன்பு புகைபிடித்தவன் என்பதையும் உடன்கொண்டு வருகிறது. 'நிறுத்தவில்லை' என்று அதை மறுத்தாலும் அந்தப் பழைய செய்தி மறுக்கப்படாமல் நிற்பது எவ்வாறு, ஐயா?

குரு: ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்பே ஏற்கப்பட்டிருக்க வேண்டிய செய்தியை முற்கோள் என்பர். மறுப்பு, கூற்று புதிதாக வலியுறுத்துவதை மட்டுமே தொடுகிறது, 'நிறுத்திவிட்டானா?' என்று வினவினாலும், 'நிறுத்தியிருந்தால் இருமல் குறைந்திருக்கும்' என்று நிபந்தனையாக்கினாலும் முற்கோள் அசையாது. கெப்ளர் துன்பத்தில் இறந்தார் என்பதும் இறக்கவில்லை என்பதும் அப்பெயருக்குரிய ஒருவர் உண்டு என்பதை ஒருங்கே வேண்டுகின்றன என்று பிரெகெ 1892இல் காட்டினார். ரஸ்ஸல் 1905இல் அந்தச் செய்தியைக் கூற்றின் பொருளுக்குள்ளேயே சேர்த்தார். ஸ்ட்ராசன் 1950இல் அதை மறுத்து, முற்கோள் பொய்த்தால் மெய், பொய் என்ற வினாவே எழாது என்றார்.

சீடன்: அப்படியானால், பல தொடர்கள் சேர்ந்த பெரிய வாக்கியம் தன் உறுப்புகளின் முற்கோள்கள் அனைத்தையும் சுமக்கும் எனலாமா?

குரு: லாங்கெண்டோனும் சவினும் 1971இல் அவ்வாறே கருதினர், அக்கருத்து நெடுநாள் நிற்கவில்லை. 'சாத்தனுக்குத் தங்கை இருந்தால், அவனுடைய தங்கை விழாவுக்கு வந்திருப்பாள்' என்று சொல்பவர், தங்கை உண்டு என்று ஏற்றவர் ஆகமாட்டார். கார்ட்டுனன் 1973இல் மூவகை பிரித்தார்: மறுப்பைப் போல முற்கோளை வெளியே விடும் துளைகள், 'என்று சொன்னான்' என்பதைப் போலத் தடுக்கும் அடைப்புகள், நிபந்தனையைப் போலச் சிலவற்றை மட்டும் விடும் வடிகட்டிகள்.

சீடன்: வடிகட்டி என்று பெயரிட்டதனால், அது ஏன் வடிகட்டுகிறது என்பது விளங்கிவிடுமா?

குரு: விளங்காது, இந்தத் துறையின் உண்மையான வினா அதுவே. பேசுவோரும் கேட்போரும் பொதுவாக ஏற்றுக்கொண்ட செய்திகளின் தொகுதியைப் பொதுத்தளம் என்று கொண்டு, ஒவ்வொரு கூற்றும் அத்தளத்தை விரிவாக்குகிறது என்று ஸ்டால்னேக்கர் 1974இல் விளக்கினார். நிபந்தனையின் முதற்பகுதி, தங்கை இருக்கிறாள் என்பதை அந்தக் கருதுகோளின் அளவில் தளத்தில் இட்டுவிடுகிறது. இரண்டாம் பகுதி வந்து சேரும்போது அதன் முற்கோள் அங்கேயே நிறைவு பெறுவதால், வாக்கியத்துக்கு வெளியே எதையும் வேண்டுவதில்லை. 'சாத்தன் வந்திருந்தால், கொற்றனும் வந்திருப்பான்' என்பதில் 'உம்' வேண்டுகிற 'வேறொருவனின் வருகை' இவ்வாறே முதற்பகுதியால் நிறைகிறது.

சீடன்: நம் இலக்கண நூலார் இந்த 'உம்'மை எச்சவும்மை என்றனர் அல்லவா?

குரு: ஆம், சொல்லப்படாது எஞ்சி நிற்கும் ஒன்றை அது தழுவுகிறது என்று கண்ட அந்நோக்கு மிகக் கூரியது. அவர்கள் அதை இறந்தது தழுவியது, எதிரது தழுவியது என இரண்டாகவும் பிரித்தனர். கொற்றன் முன்பே வந்திருக்க, 'சாத்தனும் வந்தான்' என்பது முதல்வகை. கொற்றன் இனி வரவிருக்க, அதே தொடரைச் சொல்வது இரண்டாம் வகை. அந்தப் பிரிவு நிகழ்ச்சியின் காலம் பற்றியதே அன்றித் தொடரின் வரிசை பற்றியதன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது; ஆயினும் 'உம்' பின்நோக்கி மட்டுமே பார்ப்பதில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

சீடன்: தொடரின் வரிசையைக் கொண்டே எல்லாம் விளங்கினால், பின்னே வருவது முன்னே உள்ளதன் முற்கோளை நிறைவேற்ற முடியாது என்றாகுமே?

குரு: 'முன்பு புகைபிடித்தான், இப்போது நிறுத்திவிட்டான்' என்பது இயல்பாக இருக்க, அதனைத் திருப்பிச் சொன்னால் இரண்டாம் பகுதி வீணாவதைக் காண்பதால், அவ்வாறே தோன்றும். ஆனால் பார்பரா பார்ட்டி காட்டிய வகையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்: 'இந்த வீட்டில் கிணறே இல்லை, அல்லது வீட்டின் கிணறு கண்ணில் படாத மூலையில் இருக்கிறது.' முதற்பகுதி பொய்யானால்தான் இரண்டாவது பொருந்துமாதலால், அதன் மறுப்பு கிணற்றைத் தளத்தில் இட்டுவிடுகிறது. பகுதிகளை இடம்மாற்றினாலும் வாக்கியம் பழுதின்றி நிற்பதுதான் வியப்பு. ஹைம் 1983இல் ஒவ்வோர் இணைப்புச் சொல்லுக்கும் தளத்தை மாற்றும் தனித்தனி விதியை அமைத்தார். அந்த விதி ஏன் வேறாக இருக்கக் கூடாது என்பதற்கு விடை இல்லையென்று பலர் குறைகூறினர். ஷ்லென்கர் இடமிருந்து வலமாகப் புரிந்துகொள்ளும் ஒரே பொது நெறியிலிருந்து அனைத்தையும் பெற முயன்றார்.

சீடன்: அந்தப் பொது நெறி உண்மையானால், 'மற்றும்' என்னும் இணைப்புக்கும் 'அல்லது'வுக்கும் ஒரே இயல்பு இருக்க வேண்டுமே?

குரு: அங்கேதான் முடிச்சு. ஆங்கிலம் பேசுவோரிடம் மாண்டல்கர்ன், செர், ரோமோலி, ஷ்வார்ஸ் ஆகியோர் நடத்தி 2020இல் வெளியிட்ட சோதனைகளில், 'மற்றும்' என இணைந்த தொடர்களில் வரிசை தெளிவாக வேலை செய்வது தெரிந்தது. கலோமொய்ரோஸும் ஷ்வார்ஸும் செய்தவற்றிலோ 'அல்லது' இருபுறமும் ஒத்தே நடந்தது. எந்தச் சொல் எப்படி என்று தனித்தனியே வகுத்தது ஹைமின் குறை என்றனர் முன்சொன்ன பலர். ஆனால் சொல்லுக்குச் சொல் உள்ள வேறுபாடோ சோதனையிலேயே தென்படுகிறது. நிபந்தனைத் தொடர் தலைமைத் தொடருக்கு முன்னே வருவதே இயல்பாக உள்ள தமிழில் இதே சோதனையை நடத்தினால், வரிசையின் பங்கு எவ்வளவு, சொல்லின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வேறொரு வாயில் திறக்கும்.