எழுபது காசுக் கவசம்

விலை 70 தங்கக் காசு. ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டில் தோல் கவசம் அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும்போது அரசர் 120 காசு கொடுத்து அனுப்புவார். அந்தப் பணத்துக்குக் கட்டுப்படியாகிற உருப்படியான உடற்கவசம் அது ஒன்றே. யூஜி ஹோரி வடிவமைத்து, அகிரா டோரியாமா அரக்கர்களை வரைந்து, 1986இல் ஜப்பானில் வெளிவந்த விளையாட்டு. ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு அது வந்துசேர இருபது வருஷம் ஆனது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், அதில் பழைய விளையாட்டுகளை ஓட்டுகிற ஒரு எமுலேட்டர். அமெரிக்காவுக்காக மொழிபெயர்த்தவர்கள் எல்லோரையும் பழங்கால ஆங்கிலத்தில் பேசவைத்திருந்தார்கள். தமிழ் மீடியத்தில் படித்த நான் அதுதான் நடப்பு ஆங்கிலம் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா தோல் கம்பெனியில் ஷேவிங் மெஷின் ஓட்டினார். குரோமில் பதமாகி நீலம் பாய்ந்த ஈரத் தோலை, வெட் ப்ளூ என்பார்கள், சுழலும் பிளேடில் கொடுத்து ஒரே கனத்துக்குச் சீவுகிற வேலை. 1.2 மில்லிமீட்டர் கேட்டால் 1.2. கேஜ் சொல்வதற்கு முன்பே அவர் கட்டைவிரல் சொல்லிவிடும்.

ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றார். என்ன வாங்குகிறாய் என்றார். சொன்னேன்.

“என்னா தோலுடா? மாடா, எருமையா?”

“தெரியலப்பா. தோலுன்னுதான் போட்டிருக்கான்.”

“குரோம் தோலுன்னா வேஸ்ட்டு. மெத்துன்னு இருக்கும், கத்தி உள்ள எறங்கிடும். பட்டையில ஊறுன எருமைத் தோலா இருக்கணும்.”

ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காயில் முடிகிற பழைய பதனைச் சொன்னார். அவர் சொன்னது சரி. குரோம் பதனிடுதல் 19ஆம் நூற்றாண்டுச் சங்கதி. வாள் வீரன் உடம்பில் அதற்கு இடமில்லை.

புல்வெளியில் சுற்றிச்சுற்றி வந்து, ஸ்லைம் என்கிற நீலச் சொட்டுகளை அடித்து, ஒன்றிரண்டு காசாகச் சேர்த்து 300 ஆனதும் சங்கிலிக் கவசம் வாங்கலாம். அங்கேதான் எனக்கு ஒன்று உறுத்தியது. புதியதை வாங்கினால் பழையதைக் கடைக்காரன் 35 காசுக்கு எடுத்துக்கொள்வான். பாதி விலை. வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வழியே இல்லை.

நானும் அப்படித்தான் ஒப்படைத்தேன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், “பிரைவேட் கம்பெனி” என்பேன். பொய் இல்லை. எந்தக் கம்பெனி என்று யாரும் துருவவில்லை, துருவாமல் பார்த்துக்கொண்டேன். அவர் சட்டையில் வந்த வாடையில்தான் என் பீஸ் கட்டப்பட்டது. மேலே ஏறுகிறவன் கீழே போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தே தீர வேண்டுமா? விளையாட்டில் அது விதி. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை, நானாகக் கழற்றினேன்.

அந்த விளையாட்டில் விஷச் சதுப்பும் உண்டு. அடிக்கு அடி உயிர் குறையும். தோல் கவசம் அதற்கு உதவாது. பாலாற்றங்கரைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரையும் மண்ணையும் கெடுத்ததற்காக 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை யாரும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதே விளையாட்டை மறுபடி போட்டேன். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 300 காசு சேர்ந்துவிட்டது, ஆனால் வாங்க மனசு வரவில்லை. காரணத்தை, தொண்டை லேசாக அடைக்க, அவரிடம் சொன்னேன். அநியாயம் இல்லையா என்றேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“போட்டுக் கிழிச்ச தோலுக்குப் பாதி வெலை குடுக்கிறானா?” என்றார். “இந்த ஊர்ல எவன்டா குடுப்பான்? வித்துட்டு வா.”