குற்றம் யாருடையது?

உங்கள் வீட்டு நாயை ஒழுங்கை நாய்கள் கூடிக் குதறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். உடனே பொல்லைத் தூக்குவீர்கள். சற்று நில்லுங்கள். அறிவும் சம்மதமும் இல்லாத இடத்தில் பாவம் இல்லை. நாய்க்கு இரண்டும் இல்லை. அப்படியாயின் குற்றம் எவருடையது? பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவந்தவர் யார்? படலையைத் திறந்தபடி விட்டவர் யார்?

நாய்க்கடி வெளியே சிறு துவாரமாகவே தெரியும். உள்ளே தசை கிழிந்திருக்கும். அவசரப்பட்டு மேலே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். ஆகவேதான் மிருக வைத்தியர் நன்றாகக் கழுவி, சில காயங்களில் சீழ் வடிய வழிவிட்டு, மெல்ல ஆறவிடுகிறார். முன்னரே விசர்நோய்த் தடுப்பூசி போட்ட நாயாயினும், கடிபட்டபின் மறுபடி போடுவிக்க வேண்டும்.

நம் குற்றமும் அந்தக் காயம் போன்றதே. "நாய்ப்புத்தி" என்று சொல்லி மூடிவிட்டால் உள்ளே அழுகும். காயப்பட்ட பிராணியைப் பராமரிப்பது வெறும் இரக்கமன்று. நாம் பட்ட கடன். அது எழுந்து வாலாட்டும் நாளில் கடன் பாதிதான் தீரும். படலையைச் சாத்துங்கள், இனி ஒரு குட்டியையும் வீதியில் விடாதிருங்கள். மீதி அங்கேதான் தீரும்.