மண்ணின் சாட்சியம்

பூண்டுலோயாப் பக்கம் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி வந்தே தீரும்: "நம்ம பீலியில ஒழுங்கா தண்ணி வரல, அங்க போயி தண்ணி தேடுறாங்களா?" டன்சினன் அருவி இரைந்து விழும் மலையில், குடத்தோடு காத்து நிற்பவர்கள் கேட்பது. கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தத் தேடலை வீண் வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது நடக்கும் விதத்தில் இந்த மலைக்கு மிகவும் வேண்டிய ஒன்று இருக்கிறது.

கான் வெட்டுகிறவருக்குக் கல்லின் சரித்திரம் தெரியும். பாறையிலிருந்து அண்மையில் உடைந்து வந்த கல் கையைக் கீறும். ஆற்றில் நெடுந்தூரம் உருண்ட கல்லில் முனை இருக்காது. 2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ரோவர், சில வாரங்களிலேயே அப்படி முனை மழுங்கிய கூழாங்கற்கள் இறுகிக் கிடந்த பாறையைப் படம்பிடித்தது. அவை காற்று அடித்துப்போகக்கூடிய பருமனில் இல்லை. கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழமான ஓர் ஓடை அங்கே ஓடியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். இன்று அங்கே ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை. ஓடிய தண்ணீர் தன் வேலையைக் கல்லில் விட்டுப் போயிருக்கிறது.

அதற்கு முன்பு போன ஸ்பிரிட் ரோவருக்கு 2006இல் முன்சக்கரம் ஒன்று சுழலாமல் நின்றுவிட்டது. செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே நகர்ந்தபோது, 2007இல் அது கிளறிய தடத்தில் வெள்ளை மண் தெரிந்தது. ஏறத்தாழ முழுவதும் சிலிக்கா. வெந்நீரோ நீராவியோ இருந்த இடத்தில் சேரும் மண் அது.

தண்ணீர் இருந்தது என்று சொல்வது இவ்வளவுதான். உயிர் இருந்தது என்று சொல்வது வேறு. இங்கே நம் நாட்டு மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும, பிற்காலத்தில் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்துக்குத் தலைமை தாங்கியவர். வெறும் இரசாயனத்திலிருந்து உயிர் எப்படித் தோன்றியிருக்கும் என்பதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. ஆஸ்திரேலியாவில் 1969இல் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்ட குழுவில் அவரும் இருந்தார். 1976இல் வைகிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி, மண்ணை அள்ளி, அதன்மேல் ஊட்டக் கரைசலைச் சொட்டவிட்டபோது வாயு கிளம்பியது. நுண்ணுயிர் உண்டு மூச்சுவிட்டால் எப்படி வாயு வருமோ அப்படி. உலகமே அந்தச் செய்தியை விரும்பியது. பொன்னம்பெருமவை விட அதை விரும்பியிருக்கக்கூடியவர் யார்? அவரோ தம் ஆய்வுகூடத்தில் உலோக ஆக்சைடுகளும் பெராக்சைடுகளும் கலந்த மண்ணைச் செய்து, அதே கரைசலை ஊற்றிப் பார்த்தார். உயிரில்லாத அந்த மண்ணிலிருந்தும் வாயு வந்தது. அதை 1977இல் வெளியிட்டார். தன் ஆசைக்கு எதிராகத் தானே சாட்சி தேடும் இந்த நேர்மையை நான் வணங்குகிறேன்.

அதே நேர்மை இப்போதும் தொடர்கிறது. 2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ரோவர், பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற தடங்களுள்ள பாறையைக் கண்டது. செயாவா அருவி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்பைடும் இருப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. பூமியில் இவை நுண்ணுயிர்களின் வேலையாலும் உண்டாகும், அவை இல்லாமலும் உண்டாகலாம். ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்து, 2025 செப்டெம்பரில் வெளியிட்ட கட்டுரையில், விஞ்ஞானிகள் உயிரின் தடயமாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. துளைத்தெடுத்த மாதிரி இன்னும் செவ்வாயிலேதான் இருக்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டெம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. தமிழர்கள் பெருமைப்பட்டார்கள், திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் தமிழர் அல்லவா? ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த மண்ணை யாரும் ஆராயாமல் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண் சொன்னது, படித்தவர்கள் எழுதியும் வைத்தார்கள். மக்கள் மட்டும் அங்கேயே விடப்பட்டார்கள். விண்வெளிக்குச் செலவழித்த பணத்தால் நேர்ந்த மரணங்கள் அல்ல இவை. தெரிந்த உண்மையின்படி நடக்காததால் நேர்ந்தவை.

மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்கு மண்ணைப் படிக்கும் இந்தப் படிப்பு புதிதும் அல்ல. தெளிந்து ஓடிய ஊற்று திடீரென்று கலங்கினால், காய்ந்த இடத்தில் புதிதாக நீர் கசிந்தால், தரையில் வெடிப்பு ஓடினால், மரங்கள் சாய்ந்தால் மலை அசைகிறது என்று பொருள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களைச் சிதைத்தபோது, எழும்பிப் போகச் சொன்னால் எங்கே போவது என்பதே லயத்துக் குடும்பங்களின் முன் நின்ற கேள்வி. இருநூறு ஆண்டு இந்த மலையில் உழைத்தும் பெரும்பாலானோர் பெயரில் காணி இல்லை. ஆபத்து என்று அறிவித்தல் கொடுக்கிற அதிகாரி, பத்திரமான இடத்தில் ஒரு துண்டுக் காணிக்கான உறுதியையும் அதே கையில் கொண்டுவர வேண்டும்.