பாதிச் சமையலும் முழுப் பொறுப்பும்

"இன்றைக்கு என்ன சமைப்பது?" ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் எழும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் ஒருவரே. விடை காண வேண்டியவரும் அவரே. வீட்டிலுள்ள ஏனையோர் அந்த விடையை உண்பவர்கள் மாத்திரமே. இந்தச் சிறிய கேள்வியைச் சுற்றி மேலைநாடுகளில் ஒரு பெரிய வியாபாரம் எழுந்திருக்கின்றது. அதனுடன் ஓர் ஒழுக்கப் பிரச்சினையும் எழுகின்றது. அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுவோம். ஒரு வாரத்து இராச் சாப்பாட்டுக்கு வேண்டிய பொருள்களை அளந்து பெட்டியிலிட்டு, செய்முறைக் குறிப்புடன் வீட்டுக்கு அனுப்பும் முறை 2007ஆம் ஆண்டில் சுவீடனில் தொடங்கியது. 2011இல் பேர்ளின் நகரில் ஹலோபிரெஷ் என்னும் கம்பனியும், 2012இல் நியூயோர்க்கில் புளூ ஏப்ரன் என்னும் கம்பனியும் தோன்றின. இரண்டு பல் உள்ளி, ஒரு தேசிக்காய், சிறு பைக்கற்றில் சரக்குத்தூள், இருவருக்குப் போதுமான இறைச்சி, படம் போட்ட குறிப்பு எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். வெட்டுவதும் வதக்குவதும் வாங்கியவர் பொறுப்பு. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினர் பலர் இதனை அறிவர்.

இதற்கு நேர் எதிரானது, சமைத்த சாப்பாட்டையே கைத்தொலைபேசியில் கேட்டு வாங்குவது. 2018இல் ஊபர் ஈட்ஸ் கொழும்புக்கு வந்ததிலிருந்து அது நமக்கும் பழகிய காரியம். அவ்வாறு வாங்குவதைக் குறைத்து வீட்டில் சமைக்க விரும்புவோருக்கு ஒரு நடுவழியாகவே சமையற் பெட்டி விற்கப்படுகின்றது. இந்த நடுவழி உண்மையில் நல்வழிதானா?

"இதெல்லாம் சோம்பேறித்தனம்" என்று உடனே தீர்ப்புக் கூறுவோர் உண்டு. அவர்களை ஒன்று கேட்கலாம். உரலில் மா இடித்த காலம் போய் மில்லில் கொடுத்து அரைப்பிக்கும் காலம் வந்தபோது நம்மில் யார் அதனைப் பாவமென்றோம்? உடலை முறிக்கும் வேலை குறைவது நன்மையே. அப்படியானால் அளந்து கட்டிய பெட்டியை மட்டும் குறைசொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

இங்கே அரிஸ்டோட்டில் நமக்கு உதவுகிறார். தமது ஒழுக்க நூலின் ஆறாம் பாகத்தில் அவர் ஆக்குதலையும் ஒழுகுதலையும் வேறுபடுத்துகிறார். ஆக்குதலின் பயன் ஆக்கப்பட்ட பொருளிலே இருக்கிறது. நாற்காலி நன்றாக இருந்தால் தச்சனின் வேலை நன்று. ஒழுகுதலின் பயனோ அச்செயலிலேயே இருக்கிறது. நன்றி கூறுதலை நாம் கூலிக்கு ஆள்வைத்துச் செய்விக்க முடியாது.

சோறாக்குதல் இவற்றுள் எது? மா அரைப்பது ஆக்குதல் மாத்திரமே. அதனை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி வைப்பதும், கிழவருக்காக உறைப்பைக் குறைப்பதும், தாமதித்து வருபவருக்காக ஒரு கறியை எடுத்து வைப்பதும் ஒழுகுதல். கடையிலிருந்து வரும் பார்சலில் ஆக்குதல் நிறைவேறியிருக்கிறது. இந்த ஒழுகுதல் அதில் இல்லை.

ஆயினும், வாசகரே, இந்த நியாயத்தைக் கேட்டதும் மகிழ்ந்து போகும் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஒரு நாளும் அடுப்படிக்குள் காலெடுத்து வைக்காத வீட்டுத்தலைவர். "பார்த்தாயா, சமையல் ஒரு புண்ணியம்" என்று மனைவியிடம் சொல்ல அவருக்கு இது வாய்ப்பாகிவிடும். தாயின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே அவளை அடுப்போடு கட்டிவைத்த வரலாறு நம்முடையது. சமையல் ஒரு நற்செயலானால் அது வீட்டிலுள்ள எல்லோருக்கும் உரிய நற்செயல். ஒருவருடைய நேர்மையை மற்றவர் அவருக்காகக் கடைப்பிடிக்க முடியாதது போல, ஒருவர் காட்ட வேண்டிய பராமரிப்பையும் மற்றவர் காலமெல்லாம் அவருக்காகச் சுமக்க முடியாது.

இங்கேதான் சமையற் பெட்டியின் உண்மையான சிறப்பும் குறையும் தெரிகின்றன. அது கையின் வேலையை நம்மிடம் விட்டுவிட்டுத் தலையின் வேலையை எடுத்துக்கொள்கிறது. என்ன சமைப்பது, எதை வாங்குவது, எவ்வளவு போடுவது என்ற ஓயாத யோசனையை எவரும் வேலையாகக் கணக்கிட்டதில்லை. அந்தச் சுமையை அது இறக்கி வைக்கிறது. முட்டை பொரிக்கவும் அறியாத கணவனும் மகனும் படத்தைப் பார்த்து ஒரு நேரச் சாப்பாட்டை ஆக்கிவிடலாம். இது சிறிய நன்மையன்று.

குறையும் அதிலேயே உண்டு. கறிச்சட்டியில் மிஞ்சியதைக் கண்டு நாளைய உணவைத் தீர்மானிப்பதும், சந்தையில் மலிந்ததை அறிந்து வாங்குவதும் விவேகம். குறிப்பைப் பார்த்து நடப்பவர் கீழ்ப்படிதலைக் கற்கிறார், விவேகத்தைக் கற்பதில்லை. ஆகவே பெட்டி ஒரு பள்ளிக்கூடம் போல இருக்க வேண்டும். கற்றவர் அதை விட்டு வெளியேற வேண்டும்.

செலவையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஒருவருக்கு ஒரு நேரத்துக்கு ஏறத்தாழ 10 டொலர் ஆகும் இப்பெட்டி, அதே பொருள்களைக் கடையில் வாங்குவதிலும் கூடிய விலையே. சுற்றி வரும் பொலித்தீனும் பனிப்பொதியும் கண்ணை உறுத்தும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் கணக்கல்ல. 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று, கடையில் வாங்கிச் சமைக்கும் உணவு, பெட்டி உணவைவிடச் சராசரியாக 33 வீதம் கூடுதலான வெப்பவாயுக்களை உண்டாக்குகிறது என்று கண்டது. அளந்து வருவதால் வீண் போவது குறைவு என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். 2022இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானது என்றும், அதில் 60 வீதம் வீடுகளிலேயே நிகழ்ந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் கூறுகின்றது. பொலித்தீனைக் கண்டு முகஞ்சுளிக்கும் நாம், குப்பையில் கொட்டும் சோற்றைக் கண்டு முகஞ்சுளிப்பதில்லை.

மறைந்து நிற்கும் மனிதரையும் மறத்தலாகாது. நமக்கு மிச்சமாகும் நேரம் வேறொருவருடைய உழைப்பு. குளிரூட்டிய களஞ்சியத்தில் நின்று பெட்டி கட்டுபவரும், மழையில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுவரும் இளைஞரும் அந்த விலைக்குள் அடங்கியவர்கள். உணவு கொண்டு செல்வோருக்கு மணித்தியாலத்துக்கு 17.96 டொலர் குறைந்தபட்ச ஊதியமாக 2023இல் நியூயோர்க் நகரம் சட்டம் செய்ய வேண்டி வந்தது. வசதியை விரும்பும் மனம் தானாக நீதியை நினைப்பதில்லை என்பதற்கு அது சான்று.

இன்னுமொரு பாடம். 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஏறத்தாழ 190 கோடி டொலர் மதிக்கப்பட்ட புளூ ஏப்ரன், 2023இல் சுமார் 10 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. முதற் பெட்டிகளைக் கழிவு விலையில் வாங்கிவிட்டு நின்றுவிடுவோர் பலர் என்பது அத்தொழிலில் அறிந்த சங்கதி. பொருள்களைச் சந்தா கட்டிப் பெறலாம். பழக்கத்தை அப்படிப் பெற முடியாது.

பெட்டியை வாங்காதீர்கள் என்றோ வாங்குங்கள் என்றோ நாம் சொல்ல வரவில்லை. அதன் நல்ல பகுதியைக் கம்பனி இல்லாமலும் பெறலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டார் எல்லோரும் கூடி வாரத்துக்குரிய சாப்பாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயரை எதிரே குறியுங்கள்; தகப்பனின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கட்டும். முதல் வாரம் கறி கருகலாம், உப்புக் கூடலாம்; பொறுத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு என்ன சமைப்பது?" என்ற கேள்வியை அந்த வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் கேட்டால் போதும்.